வாடகைக்கு ஒரு வீடு: வீட்டின் தரமும் குடியிருப்பவர் தரமும்



தோட்டத்து மக்களின் கைக்கு மொத்தமாகப் பணம் வருவது வாழ்நாளில் ஓரிரு முறைதான். தோட்டம் கைமாறும்போது கிடைக்கும் இழப்பீடு ஒன்று. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது எடுக்கும் ஊழியர் சேமநிதி மற்றொன்று. இப்போது மூன்றாவதாகவும் ஒரு வழி பிறந்திருக்கிறது. ஜோகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர், பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பும் சிங்கப்பூர் வெள்ளியும் வீட்டில் சேருகிறது.

பணம் சேர்ந்ததும் வீட்டில் ஒரு பேச்சு எழும். "ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன? மாதம் பிறந்தால் காசு வருமே!" என்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தப் பணம் ஒரு முறை கையை விட்டுப் போனால் மறுபடி சேர்க்க நமக்கு வயதும் இராது, வழியும் இராது. ஆகவே வீட்டை எப்படித் தரம் பார்ப்பது, அதில் குடியிருக்க வருபவரை எப்படித் தரம் பார்ப்பது என்ற இரண்டையும் இன்றைய பேச்சில் எண்ணிப் பார்ப்போம்.

இதற்கு நாம் சிங்கப்பூரையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். காரணம் இரண்டு. ஒன்று, அது நிலம் குறைந்த ஊர். இருநூறு ஆண்டுகளாக வாடகை வாங்குவதும் கொடுப்பதும் அங்கே அன்றாட வாழ்க்கை. இரண்டாவது, நம் பிள்ளைகளே அங்கு வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் அவர்களை எடை போடுகிறார். அவர்களும் வீட்டுக்காரரை எடை போட வேண்டியிருக்கிறது. இரு பக்கத்தையும் அறிந்தவர்தான் சரியாகத் தரம் பார்க்க முடியும்.

முதலில், இடத்தைப் பற்றிப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் தேக்கா என்றால் அறியாத தமிழர் இல்லை. லிட்டில் இந்தியா என்று இன்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்த வட்டாரத்துக்கு நம்மவர் ஏன் போனார்கள்? அழகைப் பார்த்தா போனார்கள்? இல்லை, வேலையைத் தேடிப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே செங்கல் சூளைகள் இருந்தன. தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் செழித்தது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்ற பெயர்கள் அந்தக் காலத்து எருமைகளை இன்றும் நினைவூட்டுகின்றன. 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடலும் அங்கேதான் இருந்தது. வேலை இருந்த இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்த இடத்துக்குக் கடை வந்தது, கோயில் வந்தது. கடையையும் கோயிலையும் தேடி மேலும் ஆட்கள் வந்தார்கள்.

மாடும் போயிற்று, பந்தயத் திடலும் போயிற்று. ஆனாலும் அங்கே வீடு கேட்போர் குறையவில்லை. ஏன்? பழைய காரணம் போனதும் புதிய காரணம் வந்து சேர்ந்தது. 2003ஆம் ஆண்டில் ஒரு ரயில் பாதையும் 2015ஆம் ஆண்டில் மற்றொரு ரயில் பாதையும் அங்கே திறக்கப்பட்டன. நகரின் எந்த மூலைக்கும் அங்கிருந்து வேலைக்குப் போய்வரலாம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வி. எந்த வீட்டைப் பார்த்தாலும், "இந்த இடத்துக்கு வீடு தேடி யார் வருவார்? எதற்காக வருவார்?" என்று கேட்க வேண்டும். பக்கத்துத் தொழிற்சாலை ஊழியரா, மருத்துவமனைத் தாதியா, கல்லூரி மாணவரா என்று ஆளைச் சுட்டிக் காட்ட முடிய வேண்டும். ஆளைக் காட்ட முடியாத இடத்தில் வீடு மட்டும் இருந்து பயனில்லை. நம் ஜோகூரிலேயே ஃபாரஸ்ட் சிட்டி என்ற நகரைக் கடலை மேடாக்கிக் கட்டினார்கள். 700,000 பேர் குடியிருக்கத் திட்டம். கட்டடங்கள் வானளாவ எழுந்தன. குடியிருக்கத்தான் போதிய ஆட்கள் வரவில்லை. விளம்பரப் படத்தில் வீடு நிறைந்திருக்கும். வீட்டில் வாடகை தர ஆளிருக்காது.

எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். வாங்க நினைக்கும் குடியிருப்புக்கு இரவு எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால், நீங்கள் வாங்கும் வீடும் அந்த இருட்டில் ஒன்றாகச் சேரக்கூடும்.

அடுத்து, கட்டடம்.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் இடத்தில் லியான் யாக் கட்டடம் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. ஹோட்டல் நியூ வோர்ல்டு அதில்தான் நடந்து வந்தது. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, காலை பதினொன்றரை மணிக்குச் சற்று முன்பு, அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்களும் ஓடிவந்து, இடிபாடுகளுக்குள் வழி குடைந்து உதவினார்கள்.

அதில் வாடகைக்கு இருந்தவர் யார் தெரியுமா? கீழ்த்தளத்தில் ஒரு வங்கிக் கிளை! வங்கியைவிட நாணயமாக வாடகை தருபவர் உண்டா? மேலே தங்கும் விடுதி. வருமானத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத சொத்து. ஆனால் அரசு அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்தது என்ன? 1971ஆம் ஆண்டில் கட்டி முடித்த அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டபோது, உள்ளே வரும் ஆள், பொருள் ஆகியவற்றின் பாரத்தைச் சேர்த்தார்கள். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். தன்னையே தாங்க முடியாத தூண்கள் பதினைந்து ஆண்டுகள் எப்படியோ நின்று, ஒரு நாள் நொறுங்கின. அதற்கு முன்பே தூண்களில் வெடிப்புகள் கண்டிருந்தன.

இந்தத் துயரத்துக்குப் பின் சிங்கப்பூரில் சட்டம் கடுமையாயிற்று. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவருக்குத் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறையும், மற்றப் பெரிய கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டிலிருந்து இது நடைமுறை.

நாம் பொறியாளர் அல்ல. ஆனாலும் கண்ணுள்ளவர் பார்க்கக்கூடியவை பல உண்டு. சுவரின் பூச்சில் மயிரிழைபோல் ஓடும் கீறல் பல வீடுகளில் இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். தூணிலோ உத்தரத்திலோ வெடிப்பு இருந்தாலும், சுவரில் கோணலாகப் படியேறுவதுபோல் வெடிப்பு இருந்தாலும், விரல் நுனி நுழையும் அகலம் இருந்தாலும் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். கதவும் ஜன்னலும் சட்டத்தில் சரியாகப் பொருந்தி மூடுகின்றனவா என்று பாருங்கள். தரை இறங்கியிருந்தால் கதவு இறுகும். கூரைத் தளத்தில் சிமெண்டு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். பழைய வீடானால் மின்கம்பிகளை மின்பணியாளரிடம் காட்டுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெருமழை பெய்யும் நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். புதிதாகப் பூசிய சாயம் வெயிலில் பல குறைகளை மறைக்கும். மழை அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, பத்திரம்.

சிங்கப்பூரில் கேலாங் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே மூன்றாவது லோரோங்கில் 191 வரிசை வீடுகள் இருந்தன. அந்த நிலம் 60 ஆண்டுக் குத்தகை நிலம். குத்தகை 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பிச் சென்றது. இழப்பீடு கிடையாது, சட்டப்படி கொடுக்க வேண்டியதும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் உரிமையாளர் குடியிருக்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டிருந்தார்கள். வாடகை கடைசிவரை வந்திருக்கலாம். ஆனால் அந்த நாளுக்குப் பின் வீடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதான். நம் நாட்டிலும் குத்தகை நிலத்தில் எழுந்த வீடுகள் பல உண்டு. ஆகவே விலையைக் கேட்கும் முன்பே, "இது நிரந்தர உரிமை நிலமா, குத்தகை நிலமா? குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதி?" என்று கேட்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாமல் நில அலுவலகத்தில் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடனில் அடகு இருக்கிறதா, வேறு யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். மீதி ஆண்டு குறையக் குறைய, வங்கி கடன் தரத் தயங்கும். வங்கி தயங்கினால் நாம் விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைக்காது.

நான்காவது, வரவு செலவுக் கணக்கு. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் விலை 200,000 ரிங்கிட். மாத வாடகை 900 ரிங்கிட். ஆண்டுக்கு 10,800 ரிங்கிட் என்று மனம் துள்ளும். ஆனால் ஓர் ஆள் போய் மற்றோர் ஆள் வருவதற்குள் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 900 போயிற்று. கூரை, குழாய், சாயம் என்று பழுது பார்க்க 1,200 வைத்துக்கொள்வோம். வீட்டு வரி, நில வரி, காப்புறுதி என்று 500. ஆக 2,600 ரிங்கிட் கழிந்தால் நிற்பது 8,200. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு நான்கு ரிங்கிட் பத்துக் காசு. ஊழியர் சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு கொடுத்தது. அங்கே கூரை ஒழுகாது. வாடகை கேட்டுக் கதவைத் தட்ட வேண்டியதும் இல்லை. வீட்டின் விலை ஏறினால் அந்த இலாபம் வேறு. ஆனால் ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். எனவே சேமநிதியை எடுத்து வாடகை வீடு வாங்கும் முன், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாமே குடியிருக்க வீடு வாங்குவது வேறு கணக்கு. அதற்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் இறுகும். அதே வீட்டுக்கு 180,000 ரிங்கிட் கடன், 30 ஆண்டுத் தவணை, வட்டி 4.25 விழுக்காடு என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 885 ரிங்கிட். "வாடகை 900, தவணை 885, குடியிருப்பவரே கடனை அடைத்துவிடுவார்" என்று விற்பவர் சொல்வார். ஆனால் செலவு போக ஆண்டுக்குக் கையில் நிற்பது 8,200. கட்ட வேண்டிய தவணையோ 10,620. மாதந்தோறும் நாமே 200 ரிங்கிட் சேர்த்துக் கட்ட வேண்டும். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை போய்விட்டால் இந்த 200 எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழுது பார்க்கும் பணத்தை ஒதுக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் சிங்கப்பூரில் பாடம் இருக்கிறது. போருக்குப் பின் அங்கே வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஏழைகளைக் காக்க 1947ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதுவரை கட்டிய வீடுகளில் வாடகையை விருப்பம்போல் ஏற்ற முடியாது. நோக்கம் நல்லது. ஆனால் ஆண்டுகள் ஓட ஓட, அந்தப் பழைய வாடகை சுண்ணாம்பு அடிக்கக்கூடப் போதவில்லை. உரிமையாளர் வீட்டைக் கைவிட்டார். மொத்தமாக எடுத்தவர் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஜன்னலில்லாத அறைகளாக்கி, மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஒரு சந்து முழுவதும் இப்படி அடைந்து கிடந்ததை 1950களில் பாரிங்டன் கே என்ற ஆய்வாளர் அப்பர் நான்கின் தெருவில் வீடு வீடாகச் சென்று பதிவு செய்தார். நகரின் பழைய கடைவீடுகள் பல இப்படித்தான் சிதைந்தன. 1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே நீக்கப்பட்டது. அஞ்சடிக்கு மேலே வண்ணம் தீட்டிய ஜன்னல்களோடு இன்று நாம் பார்க்கும் கடைவீடுகள், பெரும் பொருட்செலவில் மீட்டெடுக்கப்பட்டவை.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தியை ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் கூடும். ஆனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை ஒழுங்காக வளராது. வாடகை முழுவதையும் எடுத்துச் செலவழித்துவிட்டு வீட்டைப் பழுது பாராமல் விடுவதும் அப்படித்தான். சிங்கப்பூர் அரசும் வாடகை வீட்டைத் தொழிலாகவே எண்ணுகிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி பூஜ்ஜிய விழுக்காட்டில் தொடங்குகிறது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கோ 2024ஆம் ஆண்டிலிருந்து 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை ஏறுகிறது. வீட்டின் ஆண்டு மதிப்பின் மேல் போடும் வரி இது.

இனி, குடியிருக்க வருபவரைப் பற்றிப் பேசுவோம்.

வாடகைதாரரைத் தரம் பார்ப்பது என்றவுடன் பலருக்கு முதலில் தோன்றுவது, "எந்த ஆள்? எந்த ஊர்? என்ன சாதி?" என்பதுதான். இதன் வலியை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். சிங்கப்பூரில் "இந்தியர்களுக்கு வீடு இல்லை" என்று வாடகை விளம்பரங்களில் வெளிப்படையாகவே எழுதியது 2014ஆம் ஆண்டில் உலகச் செய்தியாயிற்று. தொலைபேசியில் இனிமையாகப் பேசியவர், பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று சொல்லும் அனுபவம் நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. அப்போது நமக்கு எரிகிறது. நாளை நாமே ஒரு வீட்டுக்கு உரிமையாளரானால், வேறொருவருக்கு அதே சொல்லைச் சொல்லலாமா?

நியாயத்தைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் இலாப நட்டம் பார்த்தாலும் அது தவறான அளவுகோல். ஒருவருடைய இனத்தைக் கேட்டால், அவர் மாதம் முதல் தேதி வாடகை தருவாரா என்பது தெரியாது. சமையலறையைத் துப்புரவாக வைத்திருப்பாரா என்பதும் தெரியாது. தெரிய வேண்டியதை நேராகவே கேட்கலாம்.

கேட்க வேண்டியவை இவை. என்ன வேலை, எவ்வளவு காலமாக அதே இடத்தில் வேலை? சம்பளச் சீட்டு காட்ட முடியுமா? வாடகை அவருடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறதா? முன்பு எங்கே குடியிருந்தார், ஏன் அதை விட்டு வருகிறார்? பழைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா? மொத்தம் எத்தனை பேர் தங்குவார்கள், அவர்கள் யார் யார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் பெரும்பாலும் நல்ல குடியிருப்பாளராகவே இருப்பார்.

அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். "மழையில் ஒழுகுமா? தண்ணீர் எப்படி வரும்? குழாய் உடைந்தால் யார் செலவு?" என்று கேட்பவர் அங்கே வாழ வருகிறவர். வீட்டைச் சரியாகப் பார்க்காமலேயே, கேட்ட வாடகைக்கு மேல் தருகிறேன், மூன்று மாதப் பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அவர் குடியிருக்க வருகிறாரா, அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட வருகிறாரா என்று பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கேலாங்கில் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு கடைவீட்டு மாடியில் தீப்பிடித்தபோது மலேசியத் தொழிலாளர் நால்வர் மாண்டனர். நம் நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அவர்கள். ஆட்களை நெருக்கி அடைத்துத் தடுப்புப் போட்ட மாடியில் தீ எழுந்தால் தப்ப வழியிராது. அத்தகைய வாடகையை உரிமையாளர் வேண்டவே கூடாது.

அதனால்தான் சிங்கப்பூரில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கழக வீட்டில் உறவினர் அல்லாதவர் ஆறு பேர் வரை தங்கலாம் என்பது விதி. 2024 ஜனவரி 22ஆம் தேதி முதல், நான்கறை வீட்டிலும் அதற்குப் பெரிய வீட்டிலும் எட்டுப் பேர் வரை தற்காலிகமாக அனுமதித்திருக்கிறார்கள். வாடகைக்கு விட கழகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் விட வேண்டும். அறையை மட்டும் வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் தாமும் குடியிருக்க வேண்டும். விதியை மீறினால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டவருக்கு வீடு விடும் சிங்கப்பூர் உரிமையாளர் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும் என்பதும் அங்குள்ள சட்டம். வேலை அனுமதிச் சீட்டின் மூலத்தைப் பார்க்க வேண்டும். அதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும். பின்னர் மனிதவள அமைச்சிலோ குடிநுழைவு ஆணையத்திலோ சரிபார்க்க வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் அவமானமாக எண்ண வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பின் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மவர் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகையையும் வாங்குவதுண்டு. சிங்கப்பூரில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதமும், ஈராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதமும் வைப்புத்தொகை வாங்குவது வழக்கம். சாவி கொடுக்கும் நாளில் சுவர், தரை, குழாய், விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், சாவி வாங்கும் நாளில் சண்டை வராது.

ஒருவரைச் சேர்த்துவிட்டு, வாடகை தராவிட்டால் பூட்டை மாற்றிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மலேசியச் சட்டப்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது. அதற்குக் காலமும் பணமும் ஆகும். வாசலில் செலவழிக்கும் அரை மணி நேர விசாரிப்பு, பின்னால் ஆறு மாத அலைச்சலைத் தடுக்கும்.

நேயர்களே, சிங்கப்பூரில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதையும் இங்கே சொல்லிவிடுவோம். அங்கேயே வீடு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் கழக வீட்டை வாங்க முடியாது. தனியார் வீடு வாங்கும் வெளிநாட்டவர், 2023 ஏப்ரல் 27 முதல், விலைக்கு மேல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். ஆக அங்கே நம் பிள்ளைகள் வாடகைக்கு இருப்பவர்கள்தான். அவர்களும் வீட்டையும் வீட்டுக்காரரையும் தரம் பார்க்கட்டும்.

முகவர் மூலம் வீடு பார்த்தால், அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு அரசுப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். கழக வீட்டு வாடகைப் பணத்தையோ வைப்புத்தொகையையோ முகவர் தம் கையில் வாங்கக் கூடாது என்பது விதி. "என் கணக்கில் போடு, சாவி தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே விலகிவிட வேண்டும். வீட்டை நேரில் பாராமல், படத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பக் கூடாது. உரிமையாளர் கழகத்தின் ஒப்புதல் பெற்றாரா, தங்குபவர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி கட்டிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வைப்புத்தொகையைத் திருப்பித் தர மறுத்தால், ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கிடலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. கையில் தாள் இருந்தால் போதும்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் அந்த இரண்டின் நிதானமும் வேண்டும். அடுத்த முறை யாராவது "நல்ல வீடு, நல்ல வாடகை" என்று ஒரு தாளை நீட்டினால், உடனே கையெழுத்துப் போட வேண்டாம். பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இடம், கட்டடம், பத்திரம், கணக்கு, குடியிருப்பவர் என்று ஐந்து தலைப்பு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தெரிந்ததையும், இனி விசாரிக்க வேண்டியதையும் எழுதுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடமாகும்; உங்கள் உழைப்பில் சேர்ந்த பணத்துக்கும் அது காவலாகும்.